கீழே பார்க்கும் பெரியவர்

மலை ஏறுற வேன் ஓட்டுறவன் நான். காலையில ஏத்தணும், சாயங்காலம் இறக்கணும், அதே வளைவு, அதே கேள்வி. "இன்னும் எவ்வளவு தூரம் அண்ணே?" "மேல பாத்ரூம் இருக்கா?" "சிலையோட கண்ணு நிஜமாவே கீழ இறங்குச்சா?" முதல் ரெண்டுக்கும் பதில் சொல்லிடுவேன். மூணாவதுக்கு கியர் மாத்துற சாக்குல பேசாம இருந்துடுவேன். விடவா போறாங்க? "நீங்க உள்ளூர்தானே, சும்மா சொல்லுங்க." உள்ளூர்தான்யா. அதனாலதான் வாயைத் திறக்கறதில்ல. அந்தக் கண்ணு தானா இறங்கவும் இல்ல, ஏறவும் இல்ல. எங்க மாமா வரைஞ்ச கண்ணு அது. எங்க வரையணும்னு கீழ நின்னு காட்டினது எங்க அக்கா.

அக்காவைப் பத்திச் சொல்லணும்னா சிலையிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். வேற வழி இல்ல. அவ கல்யாணமாகி அடிவாரத்து வீட்டுக்கு வந்த நாளிலேர்ந்து அந்தச் சிலை அவ தலைமாட்டுலயே நிக்குது.

சிலைக்குப் பேரு பெரியவர். ஊர்ல யாரும் வேற பேரு சொல்றதில்ல. ஒரு காலத்துல ஊரே காய்ச்சல்ல சுருண்டு கிடந்துச்சாம். அப்ப ஒரு மர வியாபாரி, தன் பிள்ளைங்க பொழைச்சா மலை உச்சியில பெரியவருக்குச் சிலை வைக்கிறேன், ஒவ்வொரு வீட்டு வாசல்லேர்ந்தும் அவரு முகம் தெரியணும்னு வேண்டிக்கிட்டாராம். பிள்ளைங்க பொழைச்சுது. மனுஷன் சொன்ன சொல் தவறாம வேலையை ஆரம்பிச்சாரு. பாதம் வந்துச்சு, முழங்கால் வந்துச்சு, இடுப்பு வரைக்கும் வந்துச்சு, வியாபாரி போய்ச் சேர்ந்துட்டாரு. அப்புறம் பொழைச்ச அதே பிள்ளைங்க சொத்துக்காக ஒருத்தர் சட்டையை ஒருத்தர் புடிச்சதுல, மேற்கொண்டு ஒரு மூட்டை சிமெண்ட்கூட மலை ஏறல. ரொம்ப வருஷம் வெறும் காலும் இடுப்பும்தான் நின்னுச்சு. ஊரு அதுக்கு அரைப் பெரியவர்னு பேரு வச்சுது. மழை வந்தா ஆடுங்க எல்லாம் அதுக்குள்ளதான் ஒதுங்குமாம்.

எங்க அம்மா சின்னப் பொண்ணா இருந்தப்பதான் ஊரே சேர்ந்து மேல் பாதியைக் கட்டுச்சு. அது வேற கொத்தனார், வேற மணல். அதனால கீழ சாம்பல் நிறம், மேல வெள்ளை. சட்டை மட்டும் புதுசு வாங்கிப் போட்ட ஆளு மாதிரி இருப்பாரு. பாதம் பெருசு, கை சின்னது. முகத்துக்கு வர்றதுக்குள்ள எல்லாரும் களைச்சுப் போயிட்டாங்க போல. கண்ணைச் செதுக்காம மொழுமொழுன்னு விட்டுட்டாங்க. கண்ணு இல்லாத முகத்தை எத்தனை நாளைக்குப் பாக்குறது? பெயிண்ட்ல வரைஞ்சுடலாம்னு முடிவாச்சு. மலைக் காத்து பெயிண்ட்டைத் தின்னுடும். அதனால சில வருஷத்துக்கு ஒரு தடவை பெரியவருக்குப் புதுக் கண்ணு வேணும்.

இந்த வேலைக்குத்தான் எங்க மாமா, அக்கா வீட்டுக்காரர், வந்தாரு. கடைகளுக்கு போர்டு எழுதுறவர் அவரு. சிலைக்குள்ள படி இருக்கு. ஜனங்க நெஞ்சு வரைக்கும் ஏறி ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு இறங்கிடுவாங்க. மாமா அதுக்கும் மேல ஏறி, உச்சந்தலையில இருக்கிற கதவைத் திறந்து, கொக்கியில கயிறு மாட்டி, பலகையில உக்காந்து முகத்துக்கு நேரா தொங்குவாரு. அங்க தொங்குறவருக்கு முகமே தெரியாது. மூக்கு ஒரு சுவரு, கன்னம் ஒரு சுவரு. முதல் தடவை தன் மனசுக்குப் பட்ட இடத்துல கருவிழியைப் போட்டுட்டு இறங்கி வந்து பாத்தா, பெரியவருக்கு ஒன்றரைக் கண்ணு. ஊரே சிரிச்சுது. மாமாவுக்கு மானமே போச்சு.

திரும்ப ஏறினாரு. அப்ப அக்கா புதுப் பொண்ணு. அவ வீட்டு மொட்டை மாடி சிலைக்கு நேர் கீழ, மலை அடிவாரத்துல. துணி காயப்போட வந்தவ மேல பாத்திருக்கா. "ஐயையோ, மறுபடியும் தப்பா வைக்கிறாரே!"ன்னு கத்தியிருக்கா. அங்க எங்க கேக்கும்? கையில இருந்த சிவப்புப் போர்வையை ஈரத்தோட தூக்கி இடது பக்கமா ஆட்டினாளாம். மாமா திரும்பிப் பாத்திருக்காரு. பிரஷ்ஷை இடது பக்கம் நகர்த்தியிருக்காரு. அவ்வளவுதான். அன்னையிலேர்ந்து அதுதான் அவங்க முறை. சிவப்பைத் தூக்கினா மேல, தாழ்த்தினா கீழ, வெள்ளையை விரிச்சா சரி, அடிச்சுக்கோ. போன் வந்தப்புறமும் அதேதான். அந்த உயரத்துல காத்து இரைச்சலைத் தவிர வேற ஒண்ணும் காதுல விழாது.

கறுப்புத் துணி ஒண்ணும் உண்டு. அதுதான் முக்கியம். மழையும் சூறைக்காத்தும் மலைக்குப் பின்னாடியிருந்துதான் வரும். சிலையைப் பாத்துத் தொங்குறவருக்குச் சிலைதான் தெரியும், அதுக்குப் பின்னாடி வர்ற மேகம் தெரியாது. பெரியவர் தோளுக்கு மேல மேகம் தலை காட்டினா அக்கா கறுப்பைத் தூக்கிடுவா. மாமா போட்டது போட்டபடி கதவுக்குள்ள ஏறிடுவாரு. ஒரு தடவை அவரு உள்ள போய்க் கதவைச் சாத்தினதும் அடிச்ச காத்துல பலகை மூக்குல மோதி ரெண்டா உடைஞ்சுது. அதனால விஷயத்தைத் தெளிவா சொல்லிடறேன். மாமா உசுரு கயித்துல இல்ல, எங்க அக்கா கண்ணுல இருந்துச்சு.

அக்கா சாதாரண ஆளு இல்ல. தையல் கம்பெனியில செக்கிங் வேலை. ஒரு தையல் விட்டிருந்தா பத்தடி தள்ளியே கண்டுபிடிச்சுடுவா. வாயும் அப்படித்தான். "உன் வேன் வர்ற சத்தத்தைக் கேட்டா மலையே பயந்து ஒதுங்கும்டா"ம்பா. போன வருஷம் அவளைச் செக்கிங்லேர்ந்து தூக்கி, பெட்டியில அடுக்குற வேலைக்கு மாத்திட்டாங்க. "சூப்பர்வைசருக்கு என்னைக் கண்டா ஆகலை"ன்னு சொன்னா. நானும் அந்த ஆளை நாலு திட்டு திட்டிட்டு மறந்துட்டேன்.

அதுக்கப்புறம் வந்த பெயிண்டிங்லதான் அந்தக் கூத்து நடந்துச்சு. வேலை முடிஞ்சு ஜனங்க நிமிர்ந்து பாத்தா, எப்பவும் தூரத்துல எங்கேயோ பாக்குற பெரியவர் கீழ பாக்குறாரு. ஊரைப் பாக்குறாரு. ரொட்டிக் கடைக்காரம்மா கன்னத்துல கை வச்சுக்கிட்டு, "எங்க கடையைத்தான் பாக்குறாரு"ன்னு அழுதுச்சு. சலூன்காரன் தன் கடையைத்தான்னான். பேப்பர்ல வந்துச்சு. அப்புறம் பஸ் பஸ்ஸா கூட்டம். எனக்குச் சாப்பிட நேரம் இல்ல, வேன் எஞ்சினுக்கு மூச்சு விட நேரம் இல்ல. நல்லதுதானேன்னு கேப்பீங்க. போங்கய்யா! ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதே வளைவை ஒடிக்கிறது? முதுகு ரெண்டா பிளந்துடும் போல இருக்கு.

ஊரே கொண்டாடுது, அக்கா முகம் மட்டும் செத்துப் போச்சு. யாராவது வாசல்ல நின்னு, "உங்க வீட்டுக்காரர் கையில என்னம்மா வரம்!"னு சொன்னா, அடுப்புல ஏதோ இருக்குன்னு உள்ள போயிடுவா. அடுப்புல ஒண்ணும் இருக்காது.

ஒரு மத்தியானம் வேனை நிழல்ல போட்டுட்டு அவ வீட்டுக்குப் போனேன். மாடியில இருந்தா. செருப்பைக் கீழயே விட்டுட்டு ஏறினதால சத்தம் கேக்கல. அவளுக்கு நேரா, கை நீட்டினா தொடுற தூரத்துல நின்னேன். என் முகத்தைப் பாத்துக்கிட்டே, "யாரு?"ன்னா.

விளையாடுறான்னு நினைச்சேன். "கடன்காரன்"னேன்.

என் குரல் கேட்டதும் சிரிச்சா. ஆனா அந்தச் சிரிப்பு என் காது பக்கமா போச்சு. "அக்கா, பெரியவர் கண்ணு எங்க இருக்கு, கையைக் காட்டு."

"என்னடா இது, சின்னப் புள்ளையாட்டம்."

"காட்டு."

காட்டினா. அவ விரல் நீட்டின இடத்துல வெறும் வானம்.

சுவரோரமா அப்படியே உக்காந்துட்டேன். அவளும் உக்காந்தா. கொடிக் கம்பியைத் தடவி, தூணைத் தடவி, அப்புறம்தான் உக்காந்தா. "ஆஸ்பத்திரிக்குத் தனியாவே போயிட்டு வந்தேன்டா. கண்ணு நரம்பு காஞ்சு போச்சாம். போனது போனதுதானாம். வெளிச்சம் தெரியுது, நிழல் தெரியுது. சொட்டு மருந்து அரிசி டப்பாவுக்குள்ள இருக்கு."

"அப்ப அன்னைக்கு நீ எதைப் பாத்துத் துணியை ஆட்டினே?"

"புருவத்துக்குக் கீழ நிழல் விழும்ல? கறுப்பா ஒண்ணு தெரிஞ்சுது. அதுதான் கருவிழின்னு நினைச்சேன். ரொம்ப மேல வச்சுட்டாரேன்னு கீழ, கீழன்னு காட்டிக்கிட்டே இருந்தேன். ஊரு அதிசயங்குதுடா. நான் பண்ணின தப்புக்கு முன்னாடி நின்னு கும்பிடுறாங்க. எனக்குக் கூசுது."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "கண்ணு போகட்டும். மேகம் வந்திருந்தா? மாமா செத்திருப்பாரே, லூசு!"

"கத்தாதே. நான் நிக்கலைன்னா அந்த ஆளு ஏற மாட்டாரு. ஏறலைன்னா அவருக்கு வேற என்ன இருக்கு? ஃபிளெக்ஸ் வந்தப்புறம் யாரு போர்டு எழுதச் சொல்றாங்க? மூலையில உக்காந்தே செத்துடுவாரு. அவர்கிட்ட சொன்னே, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்." சொல்லிட்டு, எதை வச்சு முழிக்கப் போறோம்னு அவளுக்கே தோணியிருக்கும். முகத்தைத் திருப்பிக்கிட்டா.

அந்த வாரமே சிலையைப் பராமரிக்கிற ஆபீஸ் மேனேஜர் மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினாரு. கண்ணு அருமையா அமைஞ்சுடுச்சு, இனி அதுல யாரும் கை வைக்கக் கூடாது, உதட்டுல மட்டும் ஒரு புன்னகை வேணும்னாரு. "கீழ பாக்குறவர் சிரிச்சா இன்னும் நல்லா இருக்கும்ல?" பெரியவர்கிட்ட யாரும் கேக்கல. மாமா சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டாரு.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அக்கா சொன்னதை மீறினாலும் தப்பு, மீறலைன்னா இந்த மனுஷன் குருட்டாம்போக்குல போய்த் தொங்கப் போறாரு. ரெண்டு நாள் வேனை எப்படி ஓட்டினேன்னு எனக்கே தெரியாது. கடைசியில, வெறுத்துட்டுப் போறா போகட்டும், உசுரு பெருசுன்னு மாமாகிட்டயே போனேன். சிலை பாதத்துக்குப் பின்னாடி பெயிண்ட் வைக்கிற கொட்டகை இருக்கு. அங்க மண்ணெண்ணெயில பிரஷ் கழுவிக்கிட்டு இருந்தாரு.

"மாமா, அக்காவுக்குக் கண்ணு..."

"தெரியும்டா"ன்னாரு. தலையைக்கூட நிமிர்த்தல.

"எப்படி?"

"வருஷக் கணக்கா ஒரே இடத்துல அடிச்ச பெயிண்ட்டு. எவ்வளவு சுரண்டினாலும் பழைய கண்ணோட விளிம்பு கைக்குத் தட்டும். இந்தத் தடவை விளிம்பு இங்க இருக்கு, இவ கீழ இறங்குங்கறா. முதல்ல நான் இறங்கல. ஆட்டிக்கிட்டே நிக்கிறா. கை ஓயாம ஆட்டுறா. அப்பவே புரிஞ்சுடுச்சு." பிரஷ்ஷை உதறினாரு. "அவ சொன்ன இடத்துலயே வச்சேன். ரெண்டாவது கண்ணை அதுக்கு ஒத்தாப்புல நானே வச்சேன்."

"விளிம்பு தட்டுதுன்னு தெரியுதுல்ல? நேரா அடிச்சிருக்கலாமே!"

"அடிச்சிருந்தா? அவ காட்டின இடம் வேற, நான் வச்ச இடம் வேறன்னு ஊரு பேசும். அவளுக்குக் கண்ணு போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோனது அவளுக்குத் தெரிஞ்சுடும். அவ அங்க நிக்கிறதை நிறுத்திடுவா. கம்பெனியில பெட்டி அடுக்க வச்சுட்டாங்க. இதுவும் போனா அவளுக்கு என்னடா இருக்கு?"

ஒரே வசனத்தை ரெண்டு பேரும் பேசினா நான் என்ன பண்றது?

"அப்ப அன்னைக்கு மேகத்தை யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல"ன்னாரு மாமா. ஏதோ உப்பு குறைச்சல்னு சொல்ற மாதிரி சொன்னாரு. பிரஷ்ஷைத் துடைச்சு ஓரமா வச்சாரு. "போதும்டா எனக்கு. படி ஏறினாலே மூச்சு வாங்குது. அவ நிக்கிறான்னுதான் ஏறுறேன்."

நியாயமா அப்பவே அவரை இழுத்துட்டுப் போய் அக்கா முன்னாடி நிறுத்தி, ரெண்டு பேரும் பேசித் தொலைங்கன்னு சொல்லியிருக்கணும். "நீ ஒண்ணும் வாயைத் திறக்காதே"ன்னு அவரும் சத்தியம் வாங்கிட்டாரு. இந்தப் பக்கம் ஒரு சத்தியம், அந்தப் பக்கம் ஒரு சத்தியம், நடுவுல நான். சரி, உதடு அடிக்கிற அன்னைக்கு வேனை நிறுத்திட்டு அக்கா பக்கத்துல நானே நிக்கிறதுன்னு முடிவு பண்ணினேன். நான் பாத்துச் சொல்றேன், நீ ஆட்டுன்னு அக்காகிட்ட சொன்னேன். பேசாம இருந்தா. பேசாம இருந்தா அவ சம்மதிச்சுட்டான்னு அர்த்தம் இல்ல. அதுகூடத் தெரியாம இத்தனை வருஷம் தம்பியா இருந்திருக்கேன்.

அன்னைக்குக் காலையில நல்ல வெயில். மாமா கதவைத் திறந்து இறங்கினாரு. கீழேர்ந்து பாத்தா அவரு ஒரு பூச்சி அளவுதான். அக்கா சிவப்பைப் புடிச்சுக்கிட்டு நின்னா. "கொஞ்சம் மேல"ன்னேன், தூக்கினா. "போதும்"னேன், வெள்ளையை விரிச்சா. உதட்டோட ஒரு ஓரம் மெல்ல மேல வளைஞ்சு வந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு.

"வானம் எப்படிடா இருக்கு?"ன்னு கேட்டா.

"பளிச்சுன்னு இருக்கு."

"தோளுக்குப் பின்னாடி?"

"ஒரு பொட்டு மேகம் இல்லக்கா."

குனிஞ்சா. தரையைத் தடவினா. கறுப்புத் துணி பழைய கோட்டு கிழிச்சது, முரட்டுத் துணி, தொட்டாலே தெரியும். அதை எடுத்து ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கினா.

"அக்கா! அது கறுப்பு!"

"தெரியும்."

"மேகம் இல்லைங்கறேன்ல!"

"சும்மா இருடா"ன்னா. கையை இறக்கல. மேல மாமா பிரஷ்ஷை நிறுத்தினாரு. திரும்பி ரொம்ப நேரம் எங்களைப் பாத்தாரு. சிலைக்குப் பின்னாடி வானம் எப்படி இருக்குன்னு அவருக்குத் தெரியாது. காட்டுறவளுக்குக் கண்ணு தெரியாதுன்னு மட்டும் தெரியும். வாளியைக் கயித்துல மாட்டினாரு. ஏறிக் கதவுக்குள்ள போயிட்டாரு. "போயிட்டாரா?"ன்னு அக்கா கேட்டா. போயிட்டாருன்னு நான் சொன்னப்புறம்தான் கையை இறக்கினா.

நான்தான் வேன்ல போய் மாமாவைக் கூட்டிட்டு வந்தேன். மாடிக்கு வந்தா அக்கா அங்கயே நிக்கிறா.

"மேகம் ஒண்ணும் வரல. உங்களை இறக்கத்தான் கறுப்பைத் தூக்கினேன். எனக்குக் கண்ணு தெரியல. நீங்க உள்ள போனதைக்கூட இவன்தான் சொன்னான்."

"தெரியும்"னாரு மாமா.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். பழைய விளிம்பு உங்க கைக்குத் தட்டாமலா இருந்திருக்கும்? அப்புறம் எதுக்கு மறுபடியும் ஏறினீங்க?"

"நீ நின்னியே."

"நீங்க ஏறினீங்களேன்னு நின்னேன்."

எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கு. நடுவுல சத்தியத்தைச் சுமந்துக்கிட்டு முட்டாளா அலைஞ்சவன் நான் ஒருத்தன்தான். திட்டணும்னு வாயெடுத்தேன். அழுகைதான் வந்துச்சு.

மாமா அப்புறம் ஏறவே இல்ல. உதடு அப்படியே நிக்குது, ஒரு ஓரம் மட்டும் சிரிச்சபடி. மேனேஜர் குதிச்சாரு, வேற ஆளைத் தேடினாரு, ஒருத்தனும் தொங்க வரல. இப்ப என்னடான்னா, பெரியவர் நம்ம கஷ்டம் தெரிஞ்சு பாதிதான் சிரிக்கிறாருன்னு ஜனங்க சொல்லிக்குது. கேட்டுக்கிட்டே கியர் மாத்துறேன். கால்லேர்ந்து உதடு வரைக்கும் அவரை எவனும் முழுசா முடிச்சதில்ல.

கூட்டம் இல்லாத ஒரு காலையில அக்காவையும் மாமாவையும் மேல கூட்டிட்டுப் போனேன். அக்கா அது வரைக்கும் சிலைகிட்ட போனதே இல்ல. "கிட்ட போனா முகம் தெரியாதுடா, நான் பாக்க வேண்டியது முகம்"னு முன்னெல்லாம் சொல்லுவா. மாமா அவ கையைப் புடிச்சுப் பெரியவரோட கால் கட்டைவிரல் மேல வச்சாரு. தடவிப் பாத்தா. "ஐயோ, இவ்வளவு பெருசா!"ன்னா. ஆடுங்க ஒதுங்கின இடம், சாம்பல் நிறம் முடிஞ்சு வெள்ளை ஆரம்பிக்கிற இடம், எல்லாத்தையும் மாமா வாயாலயே காட்டினாரு.

"ஆளாளுக்கு என் கடை, உன் கடைன்னு சொல்றாங்களே. நிஜமா எங்கதான் பாக்குறாரு?"ன்னு கேட்டா.

"நம்ம மொட்டை மாடியைத்தான்"னாரு மாமா.

ஆறுதலுக்குச் சொல்றாருன்னு நினைச்சு நான் பின்னால தள்ளிப் போய் நிமிர்ந்து கண்ணைப் பாத்தேன், அப்படியே திரும்பிக் கீழ பாத்தேன். அக்கா காலையில காயப்போட்ட சிவப்புப் போர்வை அவங்க மாடிக் கொடியில ஆடிக்கிட்டு இருந்துச்சு. மாமா பொய் சொல்லல.

"நல்லா தெரியுமா, இங்கேர்ந்து?"

"நல்லா தெரியும்."

"அப்ப இனிமே அவரே பாத்துக்கட்டும்"னு சொல்லிட்டு, தடவிப் பாத்து அந்தக் கட்டைவிரல் மேல சாஞ்சா அக்கா. "நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்."